ஒரு வரியில் முடித்த பதில்

என் பிரெஞ்சின் மேல் எனக்கு ஏகப்பட்ட கர்வம். அடையாறில் இருந்த பிரெஞ்சுத் தூதரக அலுவலகத்தில் இருபது வருடம் நான்தான் மொழிபெயர்ப்பாளன். அந்தக் கர்வத்தை ஒரே காலையில் இறக்கி வைத்தவர் எங்கள் அதிகாரி கிளேர் மேடம்.

மேடம் முதலில் பத்திரிகைக்காரர். பிரான்ஸில் ஒரு சின்ன ஊர்ப் பத்திரிகைக்கு விபத்து, கோர்ட் செய்திகள் எழுதினார். பிறகு வானொலி நிருபர். நாற்பதை நெருங்கும்போது பரீட்சை எழுதி வெளியுறவுத் துறைக்கு வந்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். நிருபர் போய்ச் சேரும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும், அதற்கு முன்னால் போய் நிற்க ஆசை என்றார். பழைய வழக்கம் மட்டும் விடவில்லை. எங்கள் ஃபைலைவிடத் தன் ஸ்பைரல் நோட்டைத்தான் நம்புவார். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அந்தக் காலையில் விசாவுக்கு வந்தவர் தேவகி. கோட்டூர்புரத்தில் நடைபாதையில் மீன் விற்பவர். மகன் பிரான்ஸில், லியோன் நகரத்தில் ஹோட்டல் சமையல்காரன். சாலை விபத்தில் கால் நொறுங்கி, மறுவாரம் ஆபரேஷன். கூட யாருமில்லை. தேவகி போக வேண்டும். திரும்பி வருவார் என்று காட்டினால்தான் விசா, ஆனால் அவரிடம் சொத்துப் பத்திரமும் இல்லை, வேலைக் கடிதமும் இல்லை. முடிவு எடுப்பது வேறு அலுவலகம். மேடம் எழுதும் குறிப்பு ஒன்றுதான் நம்பிக்கை.

திரும்பி வருவீர்களா என்று மேடம் கேட்கச் சொன்னார். கேட்டேன். தேவகி இரண்டு நிமிடம் படபடவென்று பேசினார். நான் மேடத்திடம், "கட்டாயம் திரும்பி வருவதாகச் சொல்கிறார்" என்றேன். அழகான பிரெஞ்சு.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "அவர் இவ்வளவு நேரம் பேசினார். மீதியை எங்கே போட்டீர்கள்?"

முகம் சுருங்கிப்போய், தேவகியை மறுபடி சொல்லச் சொன்னேன்.

"அங்க குந்திக்கினு நான் இன்னா பண்ணப் போறேன் சார்? பதினஞ்சு நாள் வரலன்னா பக்கத்துக் கஸ்தூரி என் எடத்தப் புட்ச்சிக்குவா. சின்னதுக்குப் பத்தாவது பரீட்ச கீது. பையன் கண்ணு முழிக்கறப்ப எதிர்ல நிக்கணும், அவ்ளோதான்."

இந்த முறை ஒரு சொல் விடாமல் சொன்னேன். மேடம் முழுவதையும் எழுதிக்கொண்டார். மறுநாள் காலை என்னையும் இழுத்துக்கொண்டு கோட்டூர்புரம் போனார். மீன் வெட்டிக்கொண்டிருந்த கஸ்தூரி எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"போட்டும் பாவம். ரெண்டு வாரம் எடத்த நான் பாத்துக்கறேன். அதுக்கு மேல நான் கேரண்டி இல்ல."

நான் மொழிபெயர்த்ததும் மேடத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்று மாலை அனுப்பிய குறிப்பில் தேவகி சொன்னதும் கஸ்தூரி சொன்னதும் அப்படியே மேற்கோளாக இருந்தன. அலுவலகக் கடிதம் செய்தி மாதிரி இருப்பதை அன்றுதான் பார்த்தேன். விசா வந்தது.

மகன் மயக்கம் தெளிந்தபோது தேவகி எதிரில் நின்றார். பதின்மூன்றாம் நாள் கோட்டூர்புரத்தில் தன் இடத்தில் உட்கார்ந்து, ஊரே பார்க்கக் கஸ்தூரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எது முக்கியம் என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். அந்த நாற்காலியில் இருபது வருடம் இருந்தேன். தேவகிக்கு முன்னால் எத்தனை பேரை ஒரு வரியில் முடித்து அனுப்பினேனோ, தெரியவில்லை. அவருக்குப் பின்னால் ஒருவரைக்கூட அப்படி அனுப்பவில்லை.