கம்பவுண்டர் வீட்டம்மா படித்த இரண்டு நாவல்கள்

பழைய மருந்துப் பட்டியல்களின் பின்பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது அந்தக் கட்டுரை. யுத்த காலம், நல்ல காகிதம் கிடைப்பது அரிது. முன்பக்கத்தில் இருமல் மருந்தும் டிங்சரும். திருப்பினால், நெருக்கி எழுதிய நேரான எழுத்தில் இரண்டு பெண்கள். ஒருத்தி, இறந்த சகோதரனைப் புதைக்கக் கூடாது என்ற ராஜ கட்டளையை மீறிய கிரேக்க நாடகத்துப் பெண். மற்றவள், புருஷனுக்காக அரசவையில் போய் நின்று நியாயம் கேட்ட நம் காப்பியத்துப் பெண். இரண்டு ராஜாக்களும் தங்கள் தவறை உணர்ந்தார்கள், ஆனால் உணர்ந்தபோது அந்தப் பெண்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்று கட்டுரை முடிந்திருந்தது. படித்துவிட்டு நான் வெகுநேரம் அடுத்த கட்டுரையைத் தொடவில்லை.

அப்போது நான் அரியலூரில் ஹைஸ்கூல் வாத்தியார். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலிருந்த எங்கள் வாசகசாலைக்குக் காரியதரிசியும் நான்தான். ‘உலக இலக்கியத்தில் நான் கண்ட இருவர்’ என்று ஒரு கட்டுரைப் போட்டி வைத்திருந்தோம். பரிசு, ஒரு வருஷ அங்கத்தினர் உரிமை. கட்டுரையில் பெயர் இல்லை, விலாசம் மட்டும் பெரம்பலூர் ஆஸ்பத்திரி என்று இருந்ததால், எழுதியவர் அங்கே மருந்து கலக்கும் கம்பவுண்டர் என்று நாங்களாகவே தீர்மானித்து அவர் பெயருக்குக் கடிதம் போட்டோம்.

பரிசளிக்கும் நாளில் கம்பவுண்டர் வந்தார், மனைவியோடு. பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரிவாயுவில் ஓடிய பஸ்ஸில் வந்ததில் இருவர் முகத்திலும் புகை அப்பியிருந்தது. பெயரைக் கூப்பிட்டதும் அவர் எழுந்திருக்கவில்லை. “எழுதினது இவங்க. நான் காகிதம் குடுத்ததோட சரி” என்றார். அந்த அம்மாளுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். திருச்சியில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார டாக்டர் ஆஸ்பத்திரியில் விட்டுச்சென்ற பெட்டி நிறையப் புத்தகங்களை ஒன்று விடாமல் படித்திருந்தார் என்பதெல்லாம் எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

வாசகசாலையின் தலைவர் ஊரில் பெரிய வக்கீல். ஆண்கள் மட்டுமே அங்கத்தினராகலாம் என்று விதி இருப்பதை முதலில் எடுத்துச் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். இப்படியொரு கட்டுரையை ஒரு குடும்பப் பெண் சுயமாக எழுதியிருக்க முடியாது, ஏதோ இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து எழுதியது என்றார். கம்பவுண்டர் முகம் சிறுத்துப்போயிற்று. எனக்கும் உள்ளூர அந்தச் சந்தேகம் இருந்தது. அதை இப்போது மறைத்து ஆவதென்ன? நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த அம்மாள்தான் பேசினார். “ஐயா, உங்க அலமாரியிலேருந்து நீங்களே ரெண்டு புஸ்தகம் எடுத்துக் குடுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து அதைப் பத்திச் சொல்றேன். சரியா சொல்லலேன்னா காப்பியடிச்சேன்னே எழுதி வச்சிக்கங்க.”

வக்கீல் எழுந்துபோய் நிதானமாகத் தேடி இரண்டு தடித்த நாவல்களை எடுத்தார். ஒன்று ருஷ்யா, மற்றது பிரான்சு. அட்டையைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. இரண்டிலும் கதாநாயகி கல்யாணமானவள். புருஷனை விட்டு வேறொருவனை நாடிப் போய், கடைசியில் உயிரை மாய்த்துக்கொள்கிறவள். நாற்பது ஆண்களுக்கு நடுவில் நின்று ஒரு குடும்பப் பெண் இதைப் பேச வேண்டும், அல்லது வெட்கப்பட்டு வராமல் இருந்துவிட வேண்டும். எப்படி ஆனாலும் வக்கீலுக்கு ஜயம். அவர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடம் கொள்ளவில்லை. செய்தி எப்படியோ பரவி, பெரம்பலூருக்கு அப்பாலிருக்கும் குரும்பலூரிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். அந்த அம்மாள் வரமாட்டார் என்று பலர் சொன்னார்கள். பஸ் ஒரு மணி நேரம் தாமதமாக வந்ததில் அது நிஜம்தான் என்றே நினைத்தோம். பிறகு இருவரும் வேகமாக நடந்து வந்தார்கள். அந்த அம்மாள் உட்காரவில்லை. புத்தகங்களை மேஜைமேல் வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

கதைகளை மூடி மறைக்காமல், கொச்சைப்படுத்தவும் செய்யாமல் சொன்னார். ருஷ்யக்காரர் தம் கதாநாயகி விழும்போது கூடவே அழுகிறார். பிரெஞ்சுக்காரர் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றார். ஒருத்தி தன்னை விரும்பியவனை நிஜமாகவே விரும்பினாள்; மற்றவள் தான் படித்த கதைகளில் வந்த காதலைத்தான் விரும்பினாள், அதைத் தாங்கும் ஆள் அவளுக்குக் கிடைக்கவில்லை என்றார். எங்களில் சிலர் அந்த நாவல்களைப் படித்திருந்தோம். இதை ஒருவரும் கவனித்திருக்கவில்லை.

அப்போது வக்கீல் குறுக்கிட்டு, இந்தப் பெண்கள் செய்தது சரியா என்று கேட்டார். பதில் எதுவானாலும் மாட்டிக்கொள்வார் என்று எனக்குத் தோன்றியது.

அந்த அம்மாள் மேஜைமேலிருந்த புத்தகங்களைக் காட்டினார். “அவங்க ரெண்டு பேரையும் எல்லாரும் பாக்குறாங்க. நான் அவங்க வூட்டுக்காரங்களைப் பாத்தேங்க. ஒருத்தர் பெரிய உத்தியோகஸ்தர், கௌரவம் போயிடக்கூடாதுன்னு பயந்தவரு. இன்னொருத்தர் வைத்தியரு, நல்லவரு, பொண்டாட்டி மேல உசுரையே வச்சிருந்தாரு. ரெண்டு பொண்ணுங்களும் புஸ்தகம் படிக்கிறவங்க. ஆனா அந்த ரெண்டு வூட்டுலயும், என்ன படிக்கிறே, அதுல உனக்கு என்ன தோணுதுன்னு ஒரு நாள்கூட யாரும் கேக்கல.” பின்வரிசையில் நின்ற புருஷனைப் பார்த்தார். “எங்க வூட்டுல அவுங்க டியூட்டி முடிஞ்சு வந்ததும் அதைத்தான் முதல்ல கேப்பாங்க.”

முதலில் கை தட்டியவர் ஸ்டேஷன் மாஸ்டர். பிறகு கூடமே தட்டியது. வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களும் தட்டினார்கள். கம்பவுண்டர் மட்டும் தட்டவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றுதான் எனக்கு வாய் வந்தது. ‘ஆண்கள் மட்டும்’ என்ற வார்த்தைகளை விதியிலிருந்து அடிக்க வேண்டுமென்று நான் எழுந்து சொன்னேன். பாதிக் கைகளுக்கு மேல் உயர்ந்தன. கடைசியில் வக்கீல் தம் கையையும் உயர்த்தினார். அது தோல்விக்குப் பயந்தா, மனம் மாறியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அந்த அம்மாளின் கட்டுரையை அச்சடிக்கத் தாமே காகிதம் வாங்கித் தந்தார்.

அன்று வீட்டுக்குப் போனபோது என் மனைவி ஒரு மாதப் பத்திரிகையைக் கையில் வைத்திருந்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். அவள் படிப்பதைத் தினமும் பார்த்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் புத்தகம் எடுத்துக் கொடுத்த நான், அவளிடம் அது என்ன கதை என்று கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

கேலி செய்கிறேனோ என்று அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு, “முடிவு சரியில்லீங்க. நான் எழுதியிருந்தா அந்தப் பொண்ணைச் சாகவிட்டிருக்க மாட்டேன்” என்றாள். உட்கார்ந்து, எப்படி எழுதியிருப்பாள் என்று சொல்லச் சொன்னேன். இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் வாசகசாலைப் பதிவேட்டில் கம்பவுண்டர் வீட்டம்மாவின் கையெழுத்துக்குக் கீழே என் மனைவியின் பெயரை எழுதப் போனேன். அவள் என் கையிலிருந்து பேனாவை வாங்கித் தானே எழுதினாள்.