முன்சில்லைப் பிடித்திருந்தவர்

பேய், ஆவி என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் நான் எழும்பிப் போய்விடுகிற ஆள். பயத்தில் அல்ல, நம்பாத ஒன்றுக்குத் தலையாட்டிக்கொண்டிருக்க எனக்கு வெட்கம். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், உடுவிலில் தோட்டமும் சங்கக்கடையில் நிறுவை வேலையுமாக இருக்கிறேன், நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சம். அதனால் இதை இட்டுக்கட்டிச் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. சிரிப்பதென்றால் சிரியுங்கள், நடந்தது இதுதான்.

எங்கள் கொட்டிலில் பழைய இங்கிலாந்து மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது. அது எங்களுடையது அல்ல, யாழ்ப்பாண நகரத்தில் மெக்கானிக்காக இருந்த ஹனீபா என்பவருடையது. எங்கள் தோட்டத்து இறைப்பு மெஷின் நின்றுபோனால் அதில்தான் வந்து திருத்துவார். தொண்ணூறாம் ஆண்டு ஒருநாள் அப்படி வந்தவர், வண்டி இடக்குப் பண்ணியதால் அதை இங்கேயே விட்டுவிட்டு இரவல் சைக்கிளில் திரும்பிப் போனார். அடுத்த நாள் இயக்கக்காரர் முஸ்லிம் சனம் முழுவதையும் ஊரைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். அவர் குடும்பத்தோடு புத்தளம் போய்ச் சேர்ந்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம். என் தகப்பனார் அந்த வண்டியை விற்கவுமில்லை, ஓடவுமில்லை. ஒரே ஒரு தடவை, தொண்ணூற்றைந்தில் எல்லோரும் இடம்பெயர்ந்தபோது, நெல் மூட்டைகளை அதன்மேல் ஏற்றிச் சாவகச்சேரி வரை தள்ளிக்கொண்டு போனோம். அந்தப் பாரத்தில்தான் முன்சில்லு ஆடத் தொடங்கியது.

போன வருடம் ஹனீபாவின் மகன் ரிஸ்வான் விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அவர் திரும்பி வந்து நகரத்தில் கடை வைத்திருக்கிறார், தகப்பன் இன்னும் புத்தளத்தில். பாரிசவாதம் வந்ததிலிருந்து கிழவர் பேச்சில்லாமல், பெண்சாதி பிள்ளைகளைக்கூட அடையாளம் தெரியாமல் கிடக்கிறாராம். பழகிய சாமான் ஏதாவது காட்டிப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னாராம். ஞாயிற்றுக்கிழமை தெரிந்த லொறி ஒன்று புத்தளம் போகிறது, அதில் வண்டியை ஏற்றலாமா என்று கேட்டார். கேட்டுக்கொண்டே முன்சில்லைப் பிடித்து ஆட்டினார். அது லொடலொடவென்று அடித்தது. அவருடைய முகம் வாடிப்போயிற்று.

"இஞ்சின் ஓடாட்டிலும் பரவாயில்லை அண்ணை. வாப்பா எந்த வண்டியைக் கண்டாலும் முதல் முன்சில்லைப் பிடிச்சுத்தான் ஆட்டிப் பாப்பார். இது இப்பிடிக் கிடந்தா தன்ரை வண்டியெண்டே நினைக்க மாட்டார்."

நான் திருத்தி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேனோ தெரியாது, நான் மெக்கானிக் அல்ல. அவர் போன பிறகு மனைவி, "சைக்கிளுக்குக் காத்தடிக்கவே அரைநாள் எடுக்கிற ஆள், இதுக்கு எத்தினை வரியம் வேணும்?" என்றாள். பக்கத்துக் கராஜில் கேட்டேன், இரண்டு கிழமை செல்லும் என்றார்கள். ஆகவே நானே சில்லைக் கழற்றினேன். சில்லைத் தாங்கிச் சுழலவிடுகிற பெயாரிங் இரண்டும் தேய்ந்திருந்தன, வலப்பக்கத்தது சுகமாக வந்தது. அதில் வெட்டியிருந்த இலக்கத்தைக் காட்டி நகரத்தில் புதிது இரண்டு வாங்கி, அந்தப் பக்கத்தை முடித்துவிட்டேன். இடப்பக்கத்தில் பெயாரிங்கின் மேல் ஒரு பூட்டு வளையம் இருந்தது, அதுதான் அசையவில்லை.

சனிக்கிழமை மத்தியானம். மனைவி அச்சுவேலிக்குத் தமக்கை வீட்டுக்குப் போயிருந்தாள். நான் கொட்டிலில் இருந்து உளியை வைத்துத் தட்டுகிறேன், தட்டுகிறேன், வளையத்தில் உளி பிடிக்கிற காதுதான் நசிந்துகொண்டு வருகிறது. இன்னும் கொஞ்சம் நசிந்தால் அதற்குப் பிறகு கழற்ற வழியே இல்லை. லொறி நாளைக்கு விடியவே வெளிக்கிடுகிறது. எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, உண்மையாகத்தான்.

அப்போது யாரோ வந்து எனக்கு எதிரே குந்தியிருந்து சில்லை இரண்டு கையாலும் பிடித்தார். நான் ஆட்களின் முகத்தை நிமிர்ந்து பார்க்கிற பழக்கமில்லாதவன். பக்கத்து வளவுச் செல்வம் அண்ணை இப்படித்தான் சத்தமில்லாமல் வந்து குந்தியிருந்து நான் செய்கிற வேலையைப் பார்ப்பார், அவர்தான் என்று நினைத்துக்கொண்டு தொடர்ந்து தட்டினேன். வயசுபோன கைகள், இடுப்பில் நீலச் சாரம், அவ்வளவுதான் என் கண்ணில் பட்டது.

"மற்றப் பக்கம் தட்டும் தம்பி," என்றார்.

நான் மற்றப் பக்கம் தட்டினேன். மூன்றாம் அடியில் வளையம் சுழன்றது. அந்தப் பக்கத்துப் புரி எதிர்ப்புரி, நான் காலையிலிருந்து இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். பழைய பெயாரிங்கை எடுத்துப் புதியதை வைத்தால் அது குழிக்குள் ஆடியது, குழியே தேய்ந்திருந்தது. சண்டைக்காலத்தில் சாமான் கிடைக்காதபோது நாங்கள் செய்த மாதிரி, பால்மா ரின் தகரத்தில் மெல்லிய கீற்று ஒன்று வெட்டிக் குழிக்குள் சுற்றி வைத்து, அதற்குள் பெயாரிங்கை அடித்து இறக்கினேன். அந்த நேரம் முழுவதும் அவர் சில்லை அசையாமல் பிடித்திருந்தார். பிடி அவ்வளவு இறுக்கம், என் அடி ஒன்றுகூட வீணாகவில்லை. வளையத்தைத் திரும்பப் பூட்டிவிட்டுக் கையில் இருந்த கிறீஸைத் துடைக்கப் பக்கத்தில் கிடந்த துணியை எடுக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தால் சில்லு நிலத்தில் கிடக்கிறது, ஆள் இல்லை.

நன்றி சொல்லவில்லையே என்று பின்னேரம் செல்வம் அண்ணையின் படலைக்குப் போனேன். அவர் காலையிலேயே சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய் அப்போதுதான் பஸ்ஸால் இறங்கி வந்தாராம். நான் திரும்பி வந்துவிட்டேன். தெருவால் போன யாரோ உள்ளே வந்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனைவியிடமும் சொல்லவில்லை, ரிஸ்வானிடமும் சொல்லவில்லை.

இரவு ரிஸ்வான் போன் எடுத்தார், குரல் சரியில்லை. வாப்பாவுக்கு மத்தியானத்திலிருந்து ஒரு மாதிரியாம், சாப்பாடு எடுக்கவில்லையாம், கட்டிலில் கிடந்தபடி இரண்டு கையையும் மேலே தூக்கி எதையோ பிடித்த மாதிரிக் கனநேரம் வைத்திருந்தாராம். இனி நாள் செல்லாது என்று உம்மா அழுகிறாவாம். "நீங்களும் லொறியிலை வாங்கோ அண்ணை, இறக்கிப் பூட்ட ஆள் வேணும்," என்றார்.

போனேன். புத்தளத்தில் அவர்களுடைய முற்றத்தில் வண்டியை இறக்கிச் சில்லைப் பூட்டினேன். கிழவரைக் கதிரையில் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் இருத்தினார்கள். கனநேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கையை நீட்டி முன்சில்லைப் பிடித்து ஆட்டினார். ஒரு சத்தமும் இல்லை. இன்னொருமுறை ஆட்டினார். தலையை ஆட்டினார். அதன் பிறகு நிமிர்ந்து நேரே என்னைப் பார்த்தார். அந்த ஒரு தடவை நானும் முகத்தைப் பார்த்தேன்.

"சில்லை நான் பிடிச்சிருந்தன்," என்றார். குழறல்தான், ஆனால் விளங்கியது. "உமக்குப் பின்னாலை நிண்டு குனிஞ்சு பாத்துக்கொண்டிருந்தவர் ஆர் தம்பி?"

வாப்பா கதைச்சிட்டார் என்று ரிஸ்வான் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார், உம்மாவும் பிள்ளைகளும் ஓடி வந்தார்கள், அந்தச் சந்தோசத்தில் அவர் என்ன கேட்டார் என்று யாரும் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் நாளுக்கு நாள் தேறிவிட்டார், இப்போது போனில் என்னோடும் கதைக்கிறார். இதைப் பற்றிக் கேட்டால் தனக்கு ஒரு ஞாபகமும் இல்லை என்கிறார், பொய் சொல்கிற மனிதராகவும் தெரியவில்லை.

அவர் எப்படி வந்து பிடித்தார் என்பதைக்கூட நான் ஒரு மாதிரி ஏற்றுக்கொண்டுவிட்டேன், அது அவருடைய வண்டி. அவர் கேட்ட மற்றதுதான் என்னை விடுவதில்லை. அன்று நான் கொட்டிலில் இருந்து வேலை செய்தது சுவரில் முதுகை ஒட்டிச் சாய்ந்துகொண்டு. எனக்கும் சுவருக்கும் இடையில் ஒரு துணி செருகக்கூட இடமிருக்கவில்லை.