கார் வந்தால் இறங்கிவிட வேண்டும்

மில் மானேஜர் காரின் ஹாரனுக்கு இரண்டு குரல். முதலில் மாடு கத்துவதுபோல் கனமாக ஒன்று, அது அடங்குவதற்குள் மூக்கால் அழுவதுபோல் மெல்லிசாக இன்னொன்று. காலை எட்டு மணிக்குச் சற்று முன்னால், புதுச்சேரியில் எங்கள் மில் ரோட்டில் அந்த இரட்டைக் குரல் பின்னாலிருந்து கேட்டதும், வேலைக்குப் போகிற சைக்கிள்கள் ஒவ்வொன்றாகச் சாயும்; ஹேண்டில்பாரில் சாப்பாட்டுத் தூக்கு ஆட, ஆட்கள் இடது காலை ஊன்றி இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பார்கள். "காரு, காரு" என்று பின்னால் வருபவர் முன்னால் போகிறவருக்குச் சொல்லி, அவர் தனக்கு முன்னால் போகிறவருக்குச் சொல்லி, கார் வந்து சேர்வதற்குள் அந்த ரோட்டின் கடைசிவரை ஒருவர்கூட சீட்டில் இருக்கமாட்டார். கார் போனதும் ஓடி ஏறிக்கொள்வார்கள். அந்த மானேஜர் ஒரு நாளாவது தலையைத் திருப்பி யாரையாவது பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து இதைத் தினமும் பார்த்த நான், சாமி தேருக்குக் கூட்டம் விலகுவதுபோல் இருக்கிறது, எவ்வளவு அழகு என்று நினைத்தேன். அதை இப்போது எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எழுதித்தான் ஆகவேண்டும்.

உழவர்கரைப் பக்கம் எங்கள் வீடு. அப்பாவுக்கு மில்லில் காலை ஷிப்டு. என்னைக் கேரியரில் ஏற்றிவந்து மில் கேட்டில் இறக்கிவிடுவார். அங்கிருந்து டவுனில் இருந்த என் பள்ளிக்கூடத்துக்கு நான் நடப்பேன். வழியில் கார் வந்தால் முதலில் நான் குதிக்கவேண்டும், பிறகு அவர் இறங்குவார். இது அவர் போட்ட சட்டம். "காரு வந்தா எறங்கிடணும். நமக்குக் காலு இருக்கு, அதுக்கு இல்ல" என்பார். இதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருக்கு அவருடைய அப்பா சொன்னது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் துரை வண்டி வந்தால் தாத்தா தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பாராம். பிரெஞ்சுக்காரன் கப்பலேறினான், துண்டும் தோளுக்குத் திரும்பிவிட்டது. ஆனால் ஓரமாக நிற்பது நிற்கவில்லை.

மில்லில் அப்படி ஒரு விதியை யாரும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. எவனோ ஒருவன் இறங்காமல் போனான், மறுநாளே அவனைத் தூசி அதிகமுள்ள டிபார்ட்மென்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று ஒரு கதை மட்டும் உண்டு. அவன் பேரென்ன என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பேர்கூட இல்லாத ஒருவனுக்குப் பயந்து முந்நூறு பேர் தினமும் இறங்கினார்கள்.

அம்மா மட்டும் இதற்கு ஒத்துக்கொண்டதில்லை. "ரோடு இன்னா அவன் ஊட்டு வாசலா? நீ மிதிக்கிற, அவன் அமுக்குறான். உனக்குத்தான கஷ்டம், அவன் நிக்கட்டுமே" என்பாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார்.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்த வருஷம் கார்த்திகை மாதம் விடாமல் மழை. மில் ரோட்டில் கணுக்கால் அளவு தண்ணீர், எது ரோடு எது வாய்க்கால் என்று தெரியாமல் ஒரே சேற்று நிறத்தில் கிடந்தது. அன்று காலை பின்னாலிருந்து அந்த ஹாரன் கேட்டது, முதலில் கனமாக, பிறகு மெல்லிசாக. நான் குதித்தேன். அப்பா இடது காலை ஊன்றினார். அந்த இடத்தில் வாய்க்காலின் மூடிக்கல் இல்லை. அவர் இடுப்புவரை உள்ளே போனார். சைக்கிள் அவர்மேல் சாய்ந்தது. காலுக்குள் ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

கார் எங்கள்மேல் தண்ணீரை வாரி இறைத்துவிட்டுப் போயிற்று. அது மானேஜர் கார் இல்லை. யாரோ சுற்றுலா வந்தவர்களை ஏற்றிக்கொண்டு போன டாக்சி. அதே மாதிரி ஹாரன், அவ்வளவுதான்.

வாய்க்காலில் கிடந்த அப்பா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைக் கேட்ட முதல் கேள்வி, "மானேஜர் பாத்தாரா?"

"அப்பா, அது டாக்சி."

அவர் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன். எலும்பு முறிந்தபோதுகூட அப்படிப் போகவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். அம்மா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள், என்னையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு. அங்கே இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"காரு இடிச்சுதாம்மா?"

"இடிக்கல."

"உரசுச்சா?"

"இல்ல. ஆரன் அடிச்சான், இவரு எறங்குனாரு."

"ஆரன் அடிக்கிறது தப்பா? அவரை யாரு எறங்கச் சொன்னது?" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "யார்மேல கேஸு போடறது, வாய்க்கா மேலயா?"

அவர் கேட்டதில் தப்பில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். யாரும் இறங்கச் சொல்லவில்லை. இதே ரோட்டில் ராத்திரி சைக்கிளில் விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் நிறுத்தி, வால்வைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிடுவார். அப்போது சைக்கிளும் ஒரு வண்டி, அதற்கும் சட்டம் உண்டு. தப்புக்கு மட்டும் வண்டி, வழிக்கு வண்டி இல்லையா? அன்றைக்கு எனக்கு இதைக் கேட்கத் தெரியவில்லை.

அப்பாவைப் பார்க்க வந்த மில் ஆட்கள் பழம் வாங்கிவந்தார்கள், கூடவே பட்டப்பெயரும் கொண்டுவந்தார்கள். "இன்னாடா டாக்சி சலாம், காலு எப்டி இருக்கு?" என்று ஒருவர் கேட்க, "அடுத்த தபா மாட்டுவண்டிக்கு எறங்கிக் காமி" என்று இன்னொருவர் சொல்ல, கட்டிலைச் சுற்றி ஒரே சிரிப்பு. சிரித்தவர்கள் அத்தனை பேரும் அன்று காலை மானேஜர் காருக்கு இறங்கிவிட்டு வந்தவர்கள்தான். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அம்மா தண்ணீர்ச் செம்பை டங்கென்று வைத்துவிட்டு வெளியே போனாள்.

இனி நான் எப்படிப் பள்ளிக்கூடம் போவது? பஸ் எங்கள் பக்கம் வருகிற நேரத்துக்குப் போனால் இரண்டாவது பீரியடு முடிந்திருக்கும். நடந்து போகிற தூரமும் இல்லை. பேசாமல் நிறுத்திவிடலாம் என்றார் அப்பா. அம்மா அவருடைய சைக்கிளை வெளியே தள்ளிவந்து, சீட்டை அடிவரை இறக்கி, "ஏறுடி" என்றாள். ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிள். வாசலில் கிடந்த துணி துவைக்கிற கல்லின்மேல் நின்று பாவாடையைச் சுருட்டிக்கொண்டு ஏறுவேன். போய்ச் சேர்ந்ததும் பள்ளிக்கூட மதிலைப் பிடித்துக்கொண்டு இறங்குவேன். நடுவில் எங்கும் இறங்க முடியாது, கால் எட்டாது.

அப்பாவுக்கு அதுதான் பயம். "காரு வந்தா எறங்கத் தெரியாத பொண்ண ரோட்டுக்கு அனுப்புறியே" என்று கட்டிலில் இருந்தபடி கத்தினார்.

"தெரியாட்டி நல்லதாப் போச்சு" என்றாள் அம்மா.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, மில் ரோட்டில் அந்த ஹாரன் கேட்டது. இந்த முறை மானேஜர் கார்தான். "காரு, காரு" என்று சொல்லி எனக்கு முன்னும் பின்னும் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். நிற்கிற அத்தனை ஆண்களுக்கும் நடுவில் நான் ஒருத்தி மட்டும் சீட்டில்.

"தே பொண்ணு, எறங்கும்மா! பின்னாடி மானேஜரு!" என்று யாரோ கத்தினார்.

"எறங்க முடியாதுண்ணா, காலு எட்டல!" என்று நானும் கத்தினேன்.

எங்கோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். ஹாரன் மறுபடி அடித்தது, மறுபடி அடித்தது. ரோடு குறுகல், இரண்டு பக்கமும் சைக்கிளோடு ஆட்கள் நின்றதால் என்னைத் தாண்டிப் போக அவருக்கு இடமில்லை. அவர்கள் இறங்கி நின்றதே அவருக்கு வழியை அடைத்துவிட்டது. நான் மிதித்தேன். என் முதுகுக்குப் பின்னால் கார் உறுமிக்கொண்டு, என் வேகத்தில், மில் கேட்டுவரை வந்தது. கேட்டுக்குள் திரும்பிப் போய்விட்டது. அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. என் அப்பாவை யாரும் தூசி டிபார்ட்மென்டுக்கு மாற்றவில்லை.

சாயந்தரத்துக்குள் செய்தி கட்டிலுக்குப் போய்விட்டது. அடி விழும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அப்பா கேட்டார்: "ஆரன் எத்தினி தபா அடிச்சாரு?"

"ஆறேழு தபா இருக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் அடிக்கல. சும்மா பின்னாடியே வந்தாரு."

"சும்மா வந்தாரா?" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், இன்னொரு முறை, "சும்மாவா வந்தாரு?"

அவருடைய கால் கோணலாகக் கூடியது. மாவுக்கட்டுப் பிரித்தபின் அவரால் சைக்கிள் மிதிக்கவே முடியவில்லை. வேலைக்கு யாராவது கேரியரில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார்கள். பின்னால் உட்கார்ந்ததால், கார் வந்தால் முதலில் இறங்கவேண்டியவர் அவர் ஆனார், அதுவும் அந்தக் காலோடு. இருபது வருஷம் மிதித்த மனிதருக்கு, இறங்காவிட்டால் கார் சும்மா பின்னால் வரும் என்பது தெரிந்தபோது மிதிக்கக் கால் இல்லை. மானேஜர்மேல் எனக்குக் கோபம் உண்டு, டாக்சிக்காரன்மேலும் உண்டு. அப்பாமேல் இருந்த கோபம்தான் தீர இத்தனை வருஷம் ஆயிற்று.

இன்று மில் இல்லை. ஷிப்டுக்கு ஊதும் சங்கு இல்லை. அந்த ரோட்டை அகலப்படுத்திவிட்டார்கள். அகலப்படுத்திய இடமெல்லாம் காருக்கே போயிற்று. சனி, ஞாயிறானால் வெளியூர் கார்கள் ஊரை அடைத்துக்கொள்கின்றன. வாடகை சைக்கிளில் கடற்கரைப் பக்கம் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து எல்லோரும் சிரித்து வழிவிடுகிறார்கள். கட்டட வேலைக்குக் கரண்டியும் மட்டக்கோலும் கட்டிக்கொண்டு மிதித்துப் போகிறவரைப் பார்த்தால்தான் கார்க்காரர்களுக்கு அவசரம் வந்துவிடுகிறது. முந்நூறு சைக்கிள் போன ரோட்டில் இன்று அப்படிப்பட்டவர் ஒருவர் இருவர் தேறினால் அதிகம்.

போன மாதம் என் மகன் காரில் போனேன். அவன் வாங்கி ஒரு வருஷம் ஆகவில்லை. முன்னால் ஒரு பெரியவர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். இவன் ஹாரன் அடித்தான். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடது காலை ஊன்றி இறங்கி, ஓரமாக நின்றார்.

"டேய், நிறுத்துடா" என்றேன்.

"இன்னாம்மா? நான் இன்னா இடிச்சேனா? ஆரன்தான அடிச்சேன். அவர யாரு எறங்கச் சொன்னது?"

பெற்ற பிள்ளை வாயிலிருந்து அதைக் கேட்கவேண்டியிருந்தது. கண்ணாடியை இறக்கி அந்தப் பெரியவரிடம், "ஐயா, நீங்க முன்னாடி போங்க" என்றேன். "பரவால்லம்மா, நீங்க போங்க" என்றார். "நீங்க ஏறாம இந்த வண்டி நகராது" என்றேன். அவர் என் மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தயங்கித் தயங்கி ஏறினார்.

"அவரு பின்னாடியே போ. ஆரன்ல கை வச்சே, தெரியும் சேதி" என்றேன்.

அவர் வேகத்தில் நாங்கள் போனோம். எங்களுக்குப் பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஒருவன் அடிக்க, எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். பெரியவரின் முதுகு விறைத்தது, சைக்கிள் ஆடியது, இடது கால் பெடலைவிட்டுக் கீழே இறங்கியது.

"எறங்காதீங்க ஐயா! மிதிங்க!" என்று தலையை வெளியே நீட்டிக் கத்தினேன். மகன் வெட்கத்தில் "அம்மா, அம்மா" என்றான். அந்தக் கால் திரும்பப் பெடலுக்குப் போகும்வரை நான் கத்தினேன்.