ஆளில்லாக் கட்டடத்துப் பல்லக்கா

எதிரில் நிற்பவர் வாயைத் திறந்தால், என்ன சொல்கிறார் என்பதைப் பல்லக்கா இரண்டாவதாகத்தான் கேட்பார். முதலில் பார்ப்பது பல்லை. எது சொந்தம், எது கட்டியது, சிரிக்கும்போது ஈறு எவ்வளவு தெரிகிறது, எந்தப் பக்கம் மெல்லுகிற ஆள் என்பதெல்லாம் ஒரு பார்வையில் பிடிபட்டுவிடும். காய்கறிக் கடைக்காரர் தக்காளி விலையைச் சொல்லி முடிப்பதற்குள், "வலது பக்கம் கடைசிப் பல்லு ஆட்டம் கண்டிருச்சே, காட்டுனீங்களா?" என்று கேட்டுவிடுவார். கடைக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, பயத்தில் இரண்டு தக்காளியைக் கூடுதலாகப் போடுவார்.

இத்தனைக்கும் அவர் பல் மருத்துவர் இல்லை. மருத்துவர்களுக்குப் பல் செய்து கொடுப்பவர். நகரத்தில் ஐந்தாறு மருத்துவர்கள், நோயாளி வாயில் எடுத்த அச்சை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, ஒரு துண்டுச் சீட்டோடு அனுப்பி வைப்பார்கள். அச்சில் பிளாஸ்டர் மாவைக் குழைத்து ஊற்றி, மெழுகில் பல் வரிசையை நிறுத்தி, சூடாக்கி, ராவி, பாலிஷ் போட்டு, நான்காம் நாள் திருப்பி அனுப்புவார். முப்பது வருஷ வேலை. நகரத்தில் எத்தனையோ கல்யாணப் போட்டோக்களில் சிரிப்பது இவருடைய கைவேலைதான். ஆனால் யாருடைய வாயில் எது இருக்கிறது என்று கட்டிய கணவரிடம்கூட மூச்சு விட்டதில்லை.

அவருக்கென்று ஒரு பிடிவாதம் உண்டு. வரிசை தப்பாமல் பல் வைக்க மாட்டார். ஏதாவது ஒரு பல்லை, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், ஒரு மயிரிழை திருப்பி வைப்பார். "எல்லாம் ஒழுங்கா நின்னா பொய்ப்பல்லுன்னு ஊருக்கே தெரிஞ்சிரும். கொஞ்சம் கோணல் இருந்தாத்தான் மனுசன் வாய்" என்பது அவர் வாதம்.

இந்த வேலை நடப்பது கப்பல் கட்டடத்தின் மூன்றாம் மாடியில். ஒரு காலத்தில் கப்பல் கம்பெனி ஒன்றுக்கு அலுவலகமாக இருந்ததால் அந்தப் பெயர். நூற்றுப் பத்து வயது. தெருமுனையில், கப்பலின் மூக்கைப்போல வளைந்து நிற்கும். முகப்பில் கல்லில் செதுக்கிய கயிறுகளும் நங்கூரமும் இருக்கும். பக்கவாட்டுச் சுவர்கள் காரை உதிர்ந்து பல்லை இளிக்கும். லிப்ட் கதவைப் பூட்டுப் போட்டு மூடிப் பல வருஷம் ஆகிறது. மழை பெய்தால் இரண்டாம் மாடித் தையல்காரர் துணிகளை மேஜைக்கு அடியில் தள்ளுவார். ஒன்பது கதவுகள், முப்பத்தொரு பேர்.

பல்லக்கா வீட்டில் முன்னறை வேலைக்கு, பின்னறை குடித்தனத்துக்கு. கணவர் பஸ் டிப்போவில் வண்டிகள் வரும் நேரமும் போகும் நேரமும் குறிப்பவர். ஒரு மகள், கல்லூரியில் படிக்கிறாள். இருபத்திரண்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறார்கள். கட்டடத்தின் மீது பல்லக்காவுக்குப் பெரிய பாசமும் இல்லை, கோபமும் இல்லை. முன்னறையின் வடக்கு ஜன்னலைப் பற்றி மட்டும் யாரும் குறை சொல்லக் கூடாது. வெயில் நேராக விழாமல் நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம் வருகிற ஜன்னல் அது. பல்லின் நிறம் பார்க்க அதைவிட நல்ல இடம் இந்த ஊரில் கிடையாது என்பார்.

கட்டடத்தை இடித்துவிட்டு, முகப்பை மட்டும் அப்படியே நிறுத்தி, பின்னால் இருபத்திரண்டு மாடி எழுப்ப ஒரு கம்பெனி விண்ணப்பித்திருந்த செய்தி வந்தபோது அவர் பதறவில்லை. பழைய கட்டடங்களைக் காப்பாற்றும் சங்கம் ஒன்று அதை எதிர்த்து மனுக் கொடுத்தது. பத்திரிகைகள் இரண்டு பக்கமும் எழுதின. தேநீர்க் கடையில் ஆளுக்கொரு கட்சி. இரண்டு தரப்பு ஆட்களும் மூன்று மாடி ஏறி வந்தார்கள். கம்பெனியின் அளவைக்காரர் ஒரு பையன், மூச்சு வாங்க வந்து, இவர் கொடுத்த தண்ணீரை இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, பாலிஷ் மோட்டாரைத் தாண்டிக் காலை எடுத்து வைத்து, அறையின் நீள அகலத்தைக் குறித்துக்கொண்டு போனான். சங்கத்துக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமராவோடு வந்தார்கள். மிகவும் மரியாதையானவர்கள். தெருவிலிருந்து படம் எடுக்கும்போது பால்கனியில் காயும் துணி இடைஞ்சலாக இருக்கிறது, ஒரு மணி நேரம் மட்டும் எடுத்து வைக்க முடியுமா என்று கேட்டார்கள். ஈரத் துணிகளை அள்ளிக் கொண்டுவந்து நாற்காலிகளில் போட்டார் பல்லக்கா. அதற்காக அவர்கள் இரண்டு முறை நன்றி சொன்னார்கள்.

பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் ஒரு வியாழக்கிழமை, நகராட்சி மன்ற அரங்கில். பல்லக்கா போனது வாதம் செய்ய இல்லை. பின்பக்கக் கழிவுக் குழாய் ஆறு மாதமாக ஒழுகிக்கொண்டிருந்தது. ஜெயிக்கப் போவது யாரோ அவரிடம் குழாயைப் பற்றிச் சொல்லி வைக்கலாம் என்பது அவர் எண்ணம். துணைக்குத் தையல்காரரையும் கூட்டிக்கொண்டார். இருவரும் கடைசிக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்தார்கள்.

முதலில் கம்பெனியின் அதிகாரி பேசினார். நல்ல பல்வரிசை, எல்லாம் சொந்தம். திரையில் படங்கள் மாறிக்கொண்டே வந்தன. ஓர் இடத்தில், "தற்போதைய நிலை: ஆளில்லாக் கட்டடம்" என்று பெரிய எழுத்தில் வந்தது. பல்லக்கா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"தம்பி, நம்ம கட்டடத்தையா சொல்றாரு?"

"வேற ஏதாவது இருக்கும்க்கா" என்றார் தையல்காரர். ஆனால் திரையில் இருந்தது அவர்கள் ஏறி இறங்கும் படிக்கட்டுதான்.

இதைச் சங்கத்தலைவர் விடமாட்டார் என்று பல்லக்கா நினைத்தார். ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர். ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு வந்தவர்களில் அவரும் ஒருவர். அன்றைக்கு அவர் தெருவிலேயே நின்று கையை மட்டும் அசைத்திருந்தார். இப்போது எழுந்து ஒலிபெருக்கியைப் பிடித்தார். அருமையான பேச்சு. கல் கயிறுகளைப் பற்றி அவர் சொன்னபோது முன்வரிசையில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, குரலைத் தாழ்த்தி, "முப்பது ஆண்டுகளாக ஒரு மனிதக் காலடிகூடப் படாமல், ஆளில்லாமல், அநாதையாக நிற்கிறது இந்தக் கட்டடம்" என்றார்.

பல்லக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். பழக்கம் விடவில்லை, கண் அவர் வாய்க்குப் போனது. மேல் வரிசையில், இடது பக்கம், நடுவிலிருந்து இரண்டாவது பல். ஒரு மயிரிழை திரும்பி நின்றது.

அது பல்லக்கா வைத்த பல். போன வருஷம் மழைக்காலத்தில் வந்த அச்சு. "மேடையில் பேசுகிறவர், அவசரம்" என்று மருத்துவர் சீட்டில் எழுதியிருந்தார். வடக்கு ஜன்னலில் நிற மாதிரிகளைப் பிடித்துப் பிடித்துப் பார்த்து, வெள்ளையும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல் ஒரு நிறத்தை மூன்றாம் முறைதான் சரியாகப் பிடித்தார். அந்த வாய்தான் இப்போது அந்த அறையில் ஆளே இல்லை என்றது. நெஞ்சில் யாரோ கையை வைத்துத் தள்ளியதுபோல் பல்லக்கா நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

அதிர்ச்சி அதோடு நிற்கவில்லை. கூட்டத்தை நடத்திய நகராட்சிக் குழுவின் தலைவி கோப்பைத் திறந்து, ஒரு விஷயத்தில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை என்று அறிவித்தார். கட்டடத்தை இடிப்பதா வேண்டாமா என்பது பிறகு முடிவாகும். கட்டடத்தில் ஆளில்லை என்பதால், அஸ்திவாரத்தின் வலுவைச் சோதிக்க உட்சுவர்களை அகற்றும் வேலையைத் திங்கட்கிழமையே தொடங்கலாம். யாருக்கும் அறிவிப்பு அனுப்ப வேண்டிய அவசியம் இல்லை.

திங்கட்கிழமைக்கு நடுவில் மூன்று நாள்தான் இருந்தது. தையல்காரர் வாயைப் பிளந்தபடி பல்லக்காவைப் பார்த்தார். அவர் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார்.

பேசப் பெயர் கொடுத்தவர்கள் மட்டும்தான் பேசலாம் என்றார் தலைவி.

"குடுக்கலைங்க. இல்லாத ஆளு எப்படிங்க பேரு குடுக்கறது?"

யாரோ சிரித்தார்கள். பல்லக்கா சிரிக்கவில்லை. "நான் மூணாவது மாடி. இன்னிக்குக் காலையில அங்கதான் எந்திரிச்சேன். இவரு ரெண்டாவது மாடி. ஒம்போது கதவு இருக்குங்க, முப்பத்தியோரு பேரு" என்றார். பிறகு ஒவ்வொரு கதவாக, உள்ளே எத்தனை பேர், என்ன வேலை என்று விரல் விட்டுச் சொன்னார். ஆறாவது கதவில் வருகிற மாதம் பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்ணையும் விடவில்லை.

கம்பெனி அதிகாரிக்குப் பக்கத்தில் அளவைக்காரப் பையன் உட்கார்ந்திருந்தான். பல்லக்கா அவனைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், "தம்பி, எங்க வீட்டுத் தண்ணிதானே குடிச்சீங்க?" என்றார். பையன் குனிந்து தன் காலணியைப் பார்த்தான். காது மடல் சிவந்துவிட்டது.

பேராசிரியர் ஒலிபெருக்கியை விடாமல், ஆளில்லை என்று தான் சொன்னது அந்தப் பொருளில் அல்ல, அசல் பயன்பாட்டில் இல்லை என்ற பொருளில்தான் என்று விளக்க ஆரம்பித்தார். அந்தப் பல் மின்விளக்கில் பளிச்சென்று தெரிந்தது. ஒரு வார்த்தை போதும், அரங்கம் கவிழ்ந்துவிடும். சொல் நாக்கு நுனிவரை வந்தது. தையல்காரர் பிறகு எல்லோரிடமும் சொன்னார்: "அக்கா என்னமோ சொல்ல வந்தாங்க. மூணு தடவை வாயைத் திறந்து மூடுனாங்க. என்னன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்ல மாட்டேங்கறாங்க."

பல்லக்கா கடைசியில் சொன்னது வேறு. "நீங்க கேட்டீங்கன்னுதான் சார், அன்னிக்குத் துணியை எடுத்து உள்ள வெச்சேன்."

பேராசிரியர் ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். தலைவி கோப்பை மூடினார். உட்சுவர் வேலையை நிறுத்தி வைப்பதாகவும், நாளையே ஆள் அனுப்பிக் கணக்கெடுப்பதாகவும் சொன்னார். சுவர்களை அகற்ற அனுமதித்துக் கையெழுத்துப் போட வேண்டிய தாள் கோப்பின் மேலாகவே இருந்தது என்று பிறகு தெரியவந்தது.

வீட்டுக்கு வந்து பல்லக்கா அடுப்பையும், மகளின் செருப்பையும், சுவரில் ஆணியடித்த இடத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் வேலையில் உட்கார்ந்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு செட்டில் இடது கடைவாய்ப் பல்லை வலது பக்கம் வைத்து அனுப்பிவிட்டார். மருத்துவர் போன் செய்து, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். "உடம்பு நல்லாத்தான் இருக்கு சார். நான் இருக்கேனா இல்லையான்னுதான் கொஞ்சம் சந்தேகம் வந்திருச்சு" என்றார் பல்லக்கா. மருத்துவருக்கு ஒன்றும் புரியவில்லை.

கணக்கெடுக்க இரண்டு பேர் வந்தார்கள். ஒன்பது கதவையும் தட்டினார்கள். மூன்று வாரம் கழித்து, இரு தரப்பின் திருத்தங்களோடு நகராட்சியின் அறிக்கை வந்தது. சாயங்காலம் டிப்போவிலிருந்து திரும்பிய கணவர், சட்டையைக்கூட மாற்றாமல் அதை உரக்கப் படித்தார். கம்பெனியின் திருத்தத்தில், "முப்பத்தொரு பேர்: பணி தொடங்கும் முன் அகற்றப்பட வேண்டிய இடையூறு" என்று இருந்தது. சங்கத்தின் திருத்தத்தில், "முப்பத்தொரு பேரின் புழக்கத்தால் அன்றாடம் சேதமடையும் அரிய சின்னம்" என்று இருந்தது. கணவர் தாளை மடித்தார்.

"போன மாசம் ஆளே இல்ல. இந்த மாசம் இடைஞ்சல். முன்னேறிட்டுத்தான் வர்றோம்" என்றார்.

மகள் சிரித்துவிட்டாள். பல்லக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. இல்லை என்று சொன்னபோது வந்த அதிர்ச்சியைவிட இது ஆழமாக இறங்கியது. தெரியாமல் எழுதினார்கள் என்று அன்றைக்கு ஒரு சமாதானமாவது இருந்தது. இப்போது கதவைத் தட்டி, பெயர் கேட்டு, வயது கேட்டு, எண்ணிப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்கள்.

அறிக்கையோடு அடுத்த கூட்டத்துக்கான விண்ணப்பப் படிவமும் இணைக்கப்பட்டிருந்தது. இந்த முறை பெயர் கொடுத்துவிட வேண்டும் என்று பல்லக்கா வேலை மேஜையில் இடம் ஒதுக்கி உட்கார்ந்தார். பெயர், கதவு எண், தொழில், இருக்கும் காலம் எல்லாவற்றையும் நிதானமாக எழுதினார். கீழே, "எந்தத் தரப்பில் பேச விரும்புகிறீர்கள்?" என்று ஒரு கேள்வி. "கட்டுமானத்துக்கு ஆதரவு" என்று ஒரு கட்டம், "எதிர்ப்பு" என்று ஒரு கட்டம்.

பேனாவை வைத்துவிட்டு, அவர் அந்த இரண்டு கட்டங்களையும் வெகுநேரம் பார்த்தார். பல்லக்கா இழுப்பறையிலிருந்து இரும்பு அளவுகோலை எடுத்தார். மேலே இருந்த கட்டத்தின் அளவைப் பார்த்துக்கொண்டார். அதே நீளம், அதே அகலம், அதே இடைவெளி விட்டு, மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்து, அதற்குள் டிக் அடித்தார்.