மூன்று அளவில் பெரியது

என் அப்பா முப்பத்தொரு வருடம் பஸ் கண்டக்டர். நாளெல்லாம் வாய் ஓயாமல் பேசியவர். அம்மா போன பிறகு வீட்டில் பேசியது டிவி மட்டும்தான்.

நான் வேறு ஊரில் இருக்கிறேன். ஆலைகளின் அழுத்தமானிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பது என் வேலை. அப்பாவுக்கு ரத்த அழுத்தத்தோடு இதயத்துடிப்பும் சீராக இல்லை என்று தெரிந்ததும் ஒரு பிரஷர் மிஷின் வாங்கிக் கொடுத்தேன். துடிப்பு தாறுமாறாக இருந்தால் மிஷின் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று காட்டும். அதனால் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, இடைவெளி விட்டு மூன்று முறை பார்த்து, சராசரியை அனுப்பச் சொன்னேன்.

தினமும் காலையில் மெசேஜ் வரும். சரியாக இருந்தால் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு வேலைக்குப் போவேன். கூடுதல் என்றால் உடனே கூப்பிடுவேன். போகப்போகக் கூடுதல் நாட்கள் பெருகின. பட்டியலை டாக்டரிடம் காட்டினேன். மாத்திரையைக் கூட்டினார்.

கூட்டிய ஒன்பதாம் நாள் அப்பா கட்டிலிலிருந்து எழுந்து, தலைசுற்றி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அழுத்தத்தின் மேல் அளவு தொண்ணூற்றாறுக்கு இறங்கியிருந்தது. மிஷினை எடுத்துப் பழைய அளவுகளைப் பார்த்தேன். தினமும் மூன்று இருந்தன. முதல் சில நாட்கள் சராசரி வந்திருக்கிறது; பிறகு எனக்கு வந்ததெல்லாம் அதில் பெரியது.

"சராசரி போடத் தெரியாதாப்பா உங்களுக்கு?"

"ஓடுற பஸ்ல கணக்குப் போட்டவன்கிட்ட கேக்கற கேள்வியாம்மா இது?"

"அப்புறம் ஏன்?"

கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சரியா இருந்தா விரலைக் காட்டிட்டுப் போயிடற. ஏறினாத்தானே போன் வருது."

டாக்டர் இருவரையும் திட்டினார். "மாத்திரை பழையபடியே போதும். ஆனா நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க, துடிப்பு எகிறிடும். தலை சுத்தினா எனக்குச் சொல்லுங்க. படுக்கையிலேருந்து சட்டுனு எழுந்திரிக்காதீங்க."

"விசில் கொடுத்துட்டுத்தான் வண்டி எடுக்கணும். புரியுது சார்."

அதன்பின் அளவு எதுவானாலும் தினமும் கூப்பிட்டேன். அளவைச் சொல்ல அவருக்குப் பத்து விநாடி. மீதியெல்லாம் பயணிகள் கதை. எனக்குத் தெரியாத ஒரு மனிதர் பேசிக்கொண்டிருந்தார்.

பதினான்கு மாதம் இப்படிப் போனது. பிறகு ஓர் இரவு தூக்கத்திலேயே போய்விட்டார். மாத்திரையால் இல்லை என்றார் டாக்டர். இரண்டு முறை கேட்டேன்.

முந்தைய காலை சொன்னது, டிக்கெட் எடுக்காமலிருக்கத் தூங்குவதுபோல் நடித்து, நிஜமாகவே தூங்கி, டிப்போவரை வந்துவிட்ட ஒருவரின் கதை. இருவரும் நெடுநேரம் சிரித்தோம். அன்றைய அளவை நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.