மொட்டை சொன்ன ‘இவர்’

“பொண்ணு கட்டிக்கப் போறது மனுஷனை. அவனை எடைபோட ஒரு பொம்மையா? புத்தி கெட்டுப் போச்சாடி உனக்கு?”

“அவரு இனிக்க இனிக்கப் பேசறாரும்மா. இது பேச்சைக் கேக்காது. கை, கால், கண்ணு… அதைத்தான் பாக்கும்.”

பக்கத்து வீட்டில் அம்மாவும் மூத்த மகளும் போட்ட சண்டை இது. சத்தியமாக நடந்தது. சுவர் வழியாகக் கேட்டதோடு நிற்காமல், பேப்பர் வாங்கும் சாக்கில் நானே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். மூத்தவளுக்கு ரோபோ கம்பெனியில் வேலை. அசைவை வைத்தே ஆளின் குணத்தைச் சொல்லும் ரோபோ ஒன்றைச் சோதித்துப் பார்க்க வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். வழுக்கைத் தலை, இரண்டு கண். நாங்கள் வைத்த பெயர் மொட்டை. மரியாதை தெரிந்த ஜென்மம். கைக்குழந்தையைக்கூட ‘இவர்’ என்றுதான் சொல்லும். ஒரு ஆளுக்கு மேல் இருந்தால்தான் ‘இவர்கள்’. முதல் நாளே என்னைப் பார்த்து, “இவர் ஆர்வம் மிகுந்தவர். அடுத்தவர் அறையையே எட்டிப் பார்க்கிறார்” என்றது. மெஷினுக்கு என்ன தெரியும், விடுங்கள்.

ஞாயிறு மாலை 4.10. சின்னவளைப் பார்க்க மாப்பிள்ளை தனியாக வந்தார். அவள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த மாதம் கல்யாணம். சோபாவில் காலை அகட்டி உட்கார்ந்து, கையை வீசி வீசிப் பேசினார். பக்கத்தில் ஒரு மர நாற்காலி. காலி.

4.22. மொட்டையின் கழுத்து ‘கிர்ர்’ரென்று திரும்பியது.

“இவர் பயந்த சுபாவம். நகம் கடிக்கிறார். தலை நிமிரவில்லை.”

“நானா? நல்ல மெஷின் போங்க!” மாப்பிள்ளை சிரித்தார். அம்மா மூத்தவளை முறைத்தாள்.

4.31. அவர் கை கழுவ உள்ளே போனார். மொட்டை அவர் பின்னால் திரும்பவில்லை.

“இவர் எழுந்தார். வலது காலை இழுத்து நடக்கிறார்…”

அதன் தலை மெல்ல நகர்ந்தது. நாற்காலியிலிருந்து… சின்னவள் பக்கம்.

“யாரு?” என்றாள் சின்னவள்.

கிர்ர்…

“இவர். உங்கள் கையைப் பிடித்திருக்கிறார்.”

சின்னவள் தன் கையைப் பார்த்தாள்.

“வேண்டாம் என்று தலையசைக்கிறார்.”

மாப்பிள்ளை திரும்பி வந்து உட்காருவதற்குள், “எனக்கு இஷ்டமில்லை” என்று சொல்லிவிட்டாள்.

விசாரிக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வருமா? இரண்டு வாரத்தில் தெரிந்துவிட்டது. அவருக்கு முன்பே ஒரு கல்யாணம் ஆகியிருக்கிறது. மறைத்துவிட்டார்கள். அந்தப் பெண் நகம் கடிப்பாளாம். வலது கால் சற்று இழுக்குமாம். மாடியிலிருந்து தவறி விழுந்து இறந்தாள் என்றார்கள். தவறித்தானா என்று கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார்கள்.

அவர் மூன்றே மாதத்தில் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார். சின்னவள் தன்னோடு வேலை பார்த்தவனைக் கல்யாணம் செய்துகொண்டு வெளியூர் போனாள். அடுத்த மாதம் அம்மாவும் மூத்தவளும் வீட்டைக் காலி செய்தார்கள். அந்த நாற்காலியை மட்டும் வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். நல்ல மரம். நான் எடுத்துக்கொண்டேன்.

வண்டி கிளம்பியது. வாசலில் நாற்காலியோடு நான் ஒருத்திதான் நின்று கையசைத்தேன்.

திறந்த ஜன்னல் வழியே, பின்சீட்டில் மொட்டை என் பக்கம் திரும்பியது. கிர்ர்…

“இவர்கள் கையசைக்கிறார்கள்.”