வெறும் உரல்

ஏதென்ஸில் மகள் வீட்டுக்குக் கீழே காப்பிக்கடையில் கிழவர்கள் மேசையைக் குத்திக் குத்தி அரசாங்கத்தைத் திட்டுவார்கள். பக்கத்து மேசையில் போலீஸ்காரர் சிரித்தபடி காப்பி குடிப்பார். எனக்கு அந்த ஊரை அதற்காகவே பிடித்துப்போயிற்று. குத்துகிற சத்தமும் வறுத்த காப்பி வாசனையும் சேர்ந்தால் போதும், ஜப்பான்காரன் ஆண்ட காலத்துத் திகாம் பத்து ரப்பர்த் தோட்டம் நினைவுக்கு வந்துவிடும்: அப்பாவும் கூட்டாளிகளும் வீட்டுக்குள் மரவள்ளியைக் கருக வறுத்த காப்பியோடு சண்டைச் செய்தி பேச, பேச்சு வெளியே கேட்காமலிருக்க அம்மா வாசலில் வெறும் உரலைக் குத்திக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் பக்கத்து லயத்து வீட்டுப் பெண் கிண்ணத்தோடு வந்தாள். "அக்கா, நெல்லா குத்துறீங்க? புள்ளைக்குக் கொஞ்சம் நொய் குடுங்களேன்."

அம்மா உரலைச் சட்டென்று முறத்தால் மூடினாள். உள்ளே போய், எங்களுக்கென்று அவித்த கிழங்கை எல்லாம் அவள் கிண்ணத்தில் போட்டாள். பிறகு முறத்தை எடுத்துவிட்டு, மறுபடி குத்த ஆரம்பித்தாள்.